200 வீடு, 600 வரி: ஒரு வலைக் கணக்கில் நிகழ்வெண் அட்டவணை தடம் மாறிய விதம்

ராமநாதபுரம் கரையில் ஒரு வீட்டுக்கு ஒரு வலை என்று கணக்கு வைக்க முடியாது. வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றில் தென்கடல். காற்றுக்கும் மீனுக்கும் ஏற்ப வலை மாறும். நண்டு வலை போடும் வீட்டிலேயே தூண்டிலும் இருக்கும், டிஸ்கோ வலையும் இருக்கும். ஆகவே "உங்கள் வீட்டில் என்னென்ன வலை இருக்கிறது?" என்று கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் வரும். அந்தப் பதில்களை எக்செல் தாளில் ஏற்றி, அங்கிருந்து நிகழ்வெண் அட்டவணை (எந்தப் பதில் எத்தனை முறை வந்தது என்ற பட்டியல்) எடுக்கும் இடத்தில்தான் கணக்கு வழி தவறுகிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு பயிற்சித் தாள். ஊர்ப் பெயர்களும் வலைப் பெயர்களும் உண்மையானவை. எண்கள் செய்முறையைக் காட்டுவதற்காக அமைத்தவை, எந்த ஊரின் கணக்கும் அல்ல. கூட்டல், வகுத்தல் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். கையில் கால்குலேட்டர் வைத்துச் சரிபார்த்தபடியே படிக்கலாம். மென்பொருள் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தாளின் அமைப்பு

நான்கு ஊர்: தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம். முதல் இரண்டும் பாக் நீரிணைப் பக்கம், அடுத்த இரண்டும் மன்னார் வளைகுடாப் பக்கம். ஊருக்கு 50 வீடு, மொத்தம் 200. தாளில் ஒரு வீட்டுக்கு ஒரு வரி (கிடைவரிசை). பத்திகள் (நெடுக்குவரிசைகள்) ஐந்து: ஊர், வீட்டு எண், வலை1, வலை2, வலை3. வலைக்குக் குறியெண்: 1 நண்டு வலை, 2 செவுள் வலை (மீனின் செவுள் சிக்கும் வலை), 3 டிஸ்கோ வலை (மூன்றடுக்கு வலை), 4 தூண்டில், 5 கூடு (மீன் பொறி). பதில் தராத வீட்டுக்கு 9.

ஊர் | வீட்டு எண் | வலை1 | வலை2 | வலை3
தொண்டி | 1 | 1 | 3 | (வெற்று)
தொண்டி | 2 | 2 | (வெற்று) | (வெற்று)
தேவிபட்டினம் | 7 | 1 | 1 | 2
வாலிநோக்கம் | 1 | 2 | 5 | 4
வாலிநோக்கம் | 2 | 9 | (வெற்று) | (வெற்று)

இந்த ஐந்து வரியிலேயே பின்னால் வரப்போகும் சிக்கல் பாதி தெரிகிறது. வீட்டு எண் 1 இரண்டு ஊரிலும் இருக்கிறது. தேவிபட்டினம் 7-ஆம் வீட்டில் நண்டு வலை இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. 9 என்பது வலை அல்ல, ஆனால் வலைப் பத்திக்குள் உட்கார்ந்திருக்கிறது.

குறியெண் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். மீன்வளப் பாடப்படி நண்டு வலையும் அடியில் நிறுத்தும் ஒருவகைச் செவுள் வலைதான். ஆனால் கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நண்டு வலை, சூடை வலை, வழிவலை என்று தனித்தனியாகத்தான் சொல்வார்கள். சூடை வலையையும் வழிவலையையும் 2-க்குள் போட்டு, நண்டு வலையை மட்டும் 1 என்று பிரித்தால் அது ஒரு முடிவு. தவறில்லை. ஆனால் அந்த முடிவைக் குறியெண் தாளில் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்பவர் இருவர் இருந்தால் இரண்டு கணக்கு வரும், எந்த மென்பொருளாலும் அதைப் பின்னால் பிரித்தெடுக்க முடியாது.

கேட்ட கேள்வி ஒன்று, வந்த விடை நான்கு

கேள்வி எளியது: "நண்டு வலை எத்தனை சதவீத வீட்டில் இருக்கிறது?"

வலை1 பத்திக்கு மட்டும் அட்டவணை போட்டால் நண்டு வலை 72. பதில் தந்த 188 வீட்டால் வகுத்தால் 38.3 சதவீதம். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இது வீட்டார் முதலில் சொன்ன வலையின் கணக்கு. இரண்டாவதாகச் சொன்ன வலை இதில் இல்லவே இல்லை. நண்டு வலையைவிட இதில் அடிபடுவது தூண்டில். முதல் பதிலில் அது வெறும் 15 வீடு, 8.0 சதவீதம். மூன்று பத்தியையும் சேர்த்தால் 42 வீடு, 22.3 சதவீதம். துணைத் தொழிலாக இருப்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. வலை1 அட்டவணையை நம்பி உதவித்தொகை பிரித்தால் தூண்டில்காரருக்குப் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

சரி, மூன்று பத்தியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நீள வடிவத்துக்கு மாற்றினால்? 200 வீடு × 3 பத்தி = 600 வரி. அதில் வலைப் பெயர் உள்ளவை 330, குறியெண் 9 உள்ளவை 12, வெற்று 258. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் டேபிள் கட்டளை வெற்று வரிகளை இயல்பாகவே விட்டுவிடும், ஆனால் 9-ஐ ஒரு வலையாக எண்ணிக்கொள்ளும். மொத்தம் 342 வரும், நண்டு வலை 115, அதாவது 33.6 சதவீதம். அதே மொழியில் டிப்ளையர் தொகுப்பின் கவுன்ட் கட்டளை வெற்றையும் ஒரு வகையாகக் காட்டும். மொத்தம் 600, நண்டு வலை 19.2 சதவீதம். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் டேபுலேட், மிஸ்ஸிங் என்று கூடுதலாகச் சொல்லாவிட்டால் வெற்றை விட்டுவிடும்.

38.3, 33.6, 19.2. நாம் பின்னால் எட்டப்போகும் விடை 58.0. தாள் ஒன்றுதான், எந்த மென்பொருளும் பொய் சொல்லவில்லை. நிகழ்வெண் அட்டவணை வரிகளை எண்ணும், அதற்கு வேறு வேலை தெரியாது. ஒரு வரி என்பது வீடா, வீட்டில் உள்ள வலையா, விடுபட்ட கட்டமா என்பதை முடிவு செய்வது ஆளின் வேலை. வடிவத்தை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் வரியின் பொருளை மாற்றுகிறது, கூடவே வகுக்கும் எண்ணையும் மாற்றுகிறது.

ஊர்ப் பெயர் இரண்டாக உடைந்தது

வலைக்கு வருமுன் ஊரைச் சரிபார்க்க வேண்டும். ஊர் பத்திக்கு அட்டவணை போட்டதும் நான்கு வரிக்குப் பதில் ஐந்து வந்தது. தொண்டி 41, தொண்டி 9. இரண்டும் திரையில் ஒரே மாதிரி. நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

காரணம் தமிழ் எழுத்து கணினியில் பதியும் முறை. 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் (எழுத்துகளுக்கான பொதுக் கணினிக் குறிமுறை) ஒரே குறியாகப் பதியலாம். அல்லது ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறியாகவும் பதியலாம். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், பழைய எழுத்துருவிலிருந்து எந்த மாற்றி வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சோதிக்க எளிய வழி எழுத்து நீளத்தை எண்ணுவது. எக்செலில் லென், ஆர் மொழியில் என்சார், ஸ்டேட்டாவில் யூஸ்ட்ர்லென், எதில் பார்த்தாலும் ஒரு தொண்டிக்கு 6, மற்றொன்றுக்கு 7 வரும். கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் 7 வரும் என்பதால், முதலில் டிரிம் செய்துவிட்டு (ஓரத்து இடைவெளியை நீக்கிவிட்டு) எண்ணுங்கள்.

தீர்வு, யூனிகோடு சீராக்கம். ஆர் மொழியில் ஸ்டிரிங்கி தொகுப்பின் ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி, ஸ்டேட்டா 14 முதலான பதிப்புகளில் யூஸ்ட்ர்நார்மலைஸ். இரண்டுமே பிரிந்திருக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்துவிடும். ஆனால் ஔகாரத்தில் இது கைகொடுக்காது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழை, சீராக்கம் அதைத் தொடாது. 'தேவிபட்டினம்', 'தேவிப்பட்டினம்', 'தேவிபட்டணம்' என்ற மூன்று எழுத்து வழக்கையும் அது தொடாது. அதற்கு ஊர்க் குறியெண் வைப்பதைத் தவிர வழியில்லை. ஊர்ப் பெயரைக் கையால் தட்டவிடாமல் எக்செலில் தேர்வுப் பட்டியல் வைத்திருந்தால் இந்தப் பகுதியே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு வழக்கமான கோளாறும் உண்டு. அழகுக்காக ஊர்ப் பெயரை 50 வரிக்கும் சேர்த்து ஒரே கட்டமாக இணைத்துவிடுவார்கள். மென்பொருள் படிக்கும்போது முதல் வரிக்கு மட்டும் ஊர் இருக்கும், மற்ற 49-ம் வெற்று. டைடியார் தொகுப்பின் ஃபில் கட்டளை மேலிருந்து கீழே இறக்கி நிரப்பும். ஆனால் வரிகளை இடம் மாற்றி அடுக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அடுக்கிய பிறகு நிரப்பினால் வாலிநோக்கத்து வீடு தொண்டிக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

வீட்டு எண் தனியாக நிற்காது

ஸ்டேட்டாவில் ரீஷேப் லாங் கட்டளைக்கு அடையாளப் பத்தியாக வீட்டு எண்ணை மட்டும் கொடுத்தால் அது முரண்டு பிடிக்கும்: இந்த மாறி வரிகளைத் தனித்து அடையாளம் காட்டவில்லை, பிழை எண் 9. திட்டாதீர்கள், அது நன்மைதான் செய்கிறது. ஒவ்வொரு ஊரிலும் எண் 1-இல் தொடங்கி 50-இல் முடிகிறது. ஆகவே அடையாளம் என்பது ஊரும் எண்ணும் சேர்ந்தது. கட்டளையில் ஐ (அடையாளப் பத்தி) என்ற இடத்தில் இரண்டையும் கொடுத்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் ஊர்க் குறியெண்ணை நூறால் பெருக்கி வீட்டு எண்ணைக் கூட்டி 101, 102, 401 என்று புதிய எண் உண்டாக்கலாம். வெறும் வரிசை எண்ணாக 1 முதல் 200 வரை போடுவதைவிட இது மேல். எண்ணைப் பார்த்ததும் ஊர் தெரியும்.

ஆர் மொழியின் பிவட்_லாங்கர் இந்த இடத்தில் வாய் திறக்காது. அதற்கு அடையாளப் பத்தி தேவையே இல்லை. கொடுத்த பத்திகளை அடுக்கிவிட்டு மற்றதை அப்படியே நகலெடுக்கும். ஆபத்து அடுத்த படியில் வரும். இரட்டைப் பதிவை நீக்க டிஸ்டிங்க்ட் போடும்போது ஊரை விட்டுவிட்டு வீட்டு எண், வலை இரண்டை மட்டும் கொடுத்தால், தொண்டியில் ஒரு வீட்டின் செவுள் வலையும் வாலிநோக்கத்தில் அதே எண்ணுள்ள வீட்டின் செவுள் வலையும் ஒன்றாகிவிடும். பிழைச் செய்தி வராது. அட்டவணையில் தடயம் மட்டும் இருக்கும்: எந்த வலைக்கும் 50-க்கு மேல் எண்ணிக்கை ஏறாது. 200 வீட்டுக் கணக்கில் எல்லாமே 50-க்குள் அடங்கினால் அடையாளம் உடைந்திருக்கிறது என்று பொருள்.

நீளமாக்குதல், படிப்படியாக

முதல் படி, 9-ஐ விடுபட்டது என்று மாற்றுவது. ஆனால் மாற்றும் முன் பதில் தராத வீடு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நம் தாளில் 12. 200-இலிருந்து 12 போக 188. இந்த 188-ஐ இப்போதே ஒரு மாறியில் சேமித்துவைக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த படியில் அந்த 12 வீடும் தாளிலிருந்தே மறைந்துவிடும். பிறகு தேடினால் கிடைக்காது.

இரண்டாம் படி அடுக்குவது. பிவட்_லாங்கருக்கு வலை1 முதல் வலை3 வரை பத்திகளைக் கொடுத்து, பெயர்கள் போகும் பத்திக்கு 'வரிசை', மதிப்புகள் போகும் பத்திக்கு 'வலை' என்று பெயரிட்டு, வேல்யூஸ்_டிராப்_என்ஏ என்பதை உண்மை என வைத்தால் 330 வரி கிடைக்கும். ஸ்டேட்டாவில் ரீஷேப் லாங் செய்தபின் வெற்று வரிகளைத் தனியாக டிராப் செய்ய வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் வார்ஸ்டூகேசஸ் கட்டளை. அதில் நல் என்ற துணைக்கட்டளைக்கு கீப், டிராப் என்று இரண்டு நிலை உண்டு. எது வேண்டுமோ அதைக் கையால் எழுதிவிடுங்கள், இயல்புநிலை எது என்று யோசிக்கும் நேரம் மிச்சம். அங்கே 9-ஐ 'பயனர் அறிவித்த விடுபட்ட மதிப்பு' என்று மட்டும் குறித்திருந்தால் டிராப் அதை நீக்காது, ஏனென்றால் கட்டம் வெற்றாக இல்லை. உண்மையாகவே வெற்றாக்கிவிட்டு அடுக்குங்கள்.

பத்திப் பெயரில் தமிழ் வேண்டாமா என்று கேட்கலாம். ஆர் மொழியில் தமிழ்ப் பெயர் வைக்க முடியும், ஆனால் உயிர்மெய்க் குறிகள் உள்ள பெயரைப் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டிவரலாம். மேலே சொன்ன கொம்பு, கால் சிக்கல் பத்திப் பெயருக்கும் வரும். பத்திப் பெயர் ரோமன் எழுத்தில் குறுகலாக, அட்டவணையில் தெரியும் வகைப்பெயர் தமிழில் என்று பிரித்துக்கொள்வது நிம்மதி.

மூன்றாம் படிதான் பலர் தாண்டிப்போவது. 330 வரி என்பது 330 பதில். ஆனால் ஒரே வீடு நண்டு வலையை இரண்டு முறை சொல்லியிருக்கலாம், கண்ணி அளவு வேறு வேறு என்பதால். நம் தாளில் அப்படி 6 வீடு. 'எத்தனை வகை வலைத் தொகுதி' என்பது கேள்வியானால் 115 சரி. 'எத்தனை வீடு' என்பது கேள்வியானால் 109. ஊர், வீட்டு எண், வலை மூன்றையும் கொடுத்து டிஸ்டிங்க்ட் போட்டால் 324 வரி மிஞ்சும். ஸ்டேட்டாவில் டூப்ளிகேட்ஸ் டிராப், ஃபோர்ஸ் சேர்த்து. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் வடிவம் மாற்றாமலே பல்பதில் தொகுதி அமைத்து அட்டவணை எடுக்கலாம். அதன் தனிப்பயன் அட்டவணைப் பகுதியில் இரட்டைப் பதிலை எண்ணவா வேண்டாமா என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு எண்ணை நம்புங்கள்.

இப்போது அட்டவணை:

வலை | வீடுகள் | பதில்களில் சதவீதம் (324) | வீடுகளில் சதவீதம் (188)
நண்டு வலை | 109 | 33.6 | 58.0
செவுள் வலை | 98 | 30.2 | 52.1
டிஸ்கோ வலை | 56 | 17.3 | 29.8
தூண்டில் | 42 | 13.0 | 22.3
கூடு | 19 | 5.9 | 10.1
மொத்தம் | 324 | 100.0 | 172.3

வலக்கோடிப் பத்தியின் கூடுதல் 172.3 என்பதைப் பார்த்து அட்டவணை தவறு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. தவறில்லை. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 1.72 வகை வலை இருக்கிறது என்பதன் இன்னொரு வடிவம் அது. நூறு வர வேண்டும் என்று பதில்களின் சதவீதத்தை எடுத்துவைத்தால் 'மூன்றில் ஒரு வீட்டில்தான் நண்டு வலை' என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார், உண்மையில் பாதிக்கு மேல். இரண்டு பத்தியையும் போடலாம். ஒன்றுதான் என்றால் வீடுகளின் சதவீதம்.

33.6 என்பது முன்பும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அப்போது 115-ஐ 342-ஆல் வகுத்தது, இப்போது 109-ஐ 324-ஆல் வகுத்தது. மேலே ஒரு பிழை, கீழே ஒரு பிழை, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரே எண்ணில் வந்து நின்றன. இருவர் தனித்தனியாகச் செய்து ஒரே விடை வந்தது என்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது.

இரு கடலையும் ஒப்பிடும்போது

நீள வடிவத்தில் ஊரை வைத்துக் கடல் என்று ஒரு பத்தி உண்டாக்கி, அதையும் வலை பத்தியையும் குறுக்கே வைத்தால் இரட்டை அட்டவணை. பாக் நீரிணைப் பக்கம் பதில் தந்தவை 96 வீடு, மன்னார் வளைகுடாப் பக்கம் 92.

வலை | பாக் நீரிணை (96) | மன்னார் வளைகுடா (92)
நண்டு வலை | 71 (74.0) | 38 (41.3)
செவுள் வலை | 45 (46.9) | 53 (57.6)
டிஸ்கோ வலை | 34 (35.4) | 22 (23.9)
தூண்டில் | 13 (13.5) | 29 (31.5)
கூடு | 0 (0.0) | 19 (20.7)

அடைப்புக்குள் இருப்பவை அந்தந்தப் பக்க வீடுகளின் சதவீதம். மென்பொருள் தானாகத் தரும் பத்திச் சதவீதம் 163, 161 என்ற பதில் கூட்டலால் வகுத்தது. அதை அப்படியே எடுத்தால் நண்டு வலை பாக் பக்கத்தில் 43.6 என்று காட்டும். 96, 92 என்ற எண்களை நாமே கொண்டுவந்து வகுக்க வேண்டும். அதனால்தான் அடுக்கும் முன்பே எண்ணி வைக்கச் சொன்னது.

கூடு வரியில் உள்ள 0 நீள வடிவத்தில் இல்லவே இல்லை. யாரும் சொல்லாத ஒன்றுக்கு வரி கிடையாது. கவுன்ட் போட்டால் பத்துக்குப் பதில் ஒன்பது வரிதான் வரும். படம் வரையும்போது அந்தக் கட்டை காணாமல்போகும், பக்கத்துக் கட்டை அகலமாகும். வலை பத்தியை ஐந்து நிலைகளும் அறிவித்த ஃபேக்டராக (வகைகளின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கும் பத்தியாக) மாற்றிவிட்டு, கவுன்ட் கட்டளையில் புள்ளிடிராப் (.drop) என்பதைப் பொய் என வைக்க வேண்டும். அல்லது கம்ப்ளீட் கட்டளையால் விடுபட்ட சேர்க்கைகளை 0 என நிரப்ப வேண்டும். ஸ்டேட்டாவில் கான்ட்ராக்ட் கட்டளையோடு ஜீரோ சேர்த்தால் போதும். ஆனால் தாள் முழுவதிலும் ஒரு முறைகூட வராத வகையை அதுவும் கொண்டுவராது.

இந்த அட்டவணையை அப்படியே கை-வர்க்கச் சோதனைக்கு (வேறுபாடு தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் சோதனை) கொடுப்பது அடுத்த வழுக்கல். சோதனை 324 தனித்தனி ஆட்கள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இருப்பது 188 வீடு. ஒரே வீடு மூன்று வரியில் வந்து மூன்று சாட்சி சொல்கிறது. முறைப்படி செய்ய, நீளத்திலிருந்து மறுபடி அகலத்துக்குத் திரும்ப வேண்டும், ஆனால் பழைய வலை1, வலை2, வலை3 வடிவத்துக்கு அல்ல. வலைக்கு ஒரு பத்தி, இருந்தால் 1, இல்லையென்றால் 0. 324 வரியோடு எல்லா வரியிலும் 1 என்ற பத்தியைச் சேர்த்து, பிவட்_வைடரில் வேல்யூஸ்_ஃபில் 0 என்று கொடுத்தால் 188 வரி, ஐந்து வலைப் பத்தி.

பிறகு 200 வீட்டின் மூலப் பட்டியலோடு இணைத்தால் பதில் தராத 12 வீடும் வெற்றாகத் திரும்பி வரும். அவற்றை வெற்றாகவே விடுங்கள். அவசரத்தில் அங்கும் 0 நிரப்பினால் 'பதில் சொல்லவில்லை' என்பது 'வலை இல்லை' என்று மாறும், நண்டு வலை 58.0-இலிருந்து 54.5-க்கு இறங்கும். அந்த 12-இல் 4 பாக் பக்கம், 8 வளைகுடாப் பக்கம் என்பதால் ஒப்பீடும் ஒருபக்கமாகச் சாயும்.

இனி ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாக இரண்டுக்கு இரண்டு அட்டவணை. நண்டு வலைக்கு 71, 25, 38, 54. கை-வர்க்கம் 20.56, சுதந்திரப் படி 1. ஆர் மொழியில் 19.24 வந்தால் பதற வேண்டாம். அது இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு யேட்ஸ் திருத்தத்தை (கை-வர்க்க எண்ணைச் சற்றுக் குறைக்கும் திருத்தம்) தானாகவே போட்டுவிடும். கரெக்ட் என்பதைப் பொய் என வைத்தால் 20.56 வரும். ஸ்டேட்டாவின் டேபுலேட் திருத்தம் இல்லாததைத் தரும், எஸ்.பி.எஸ்.எஸ். இரண்டையும் அச்சிடும். ஐந்து வலைக்கு ஐந்து சோதனை செய்கிறோம் என்பதையும், நான்கே ஊரில் கொத்தாக எடுத்த வீடுகள் என்பதையும் மறக்கக்கூடாது. ஊரின் அளவு பாராமல் ஊருக்கு 50 என்று எடுத்ததால், எடை கொடுக்காத 58.0 கரை முழுவதற்குமான சதவீதம் ஆகாது.

ஏற்கெனவே எண்ணிய தாள்: படகுப் பயணங்கள்

அதே பயிற்சியின் இரண்டாம் தாள் தலைகீழ் வகை. இதில் ஒவ்வொரு கட்டமும் ஏற்கெனவே ஓர் எண்ணிக்கை. வரி: வாரமும் படகு வகையும். பத்தி: ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாள். கட்டத்தில் அன்று போய்வந்த பயணங்கள். பாக் நீரிணை ஊர் ஒன்றின் விசைப்படகுக்கு நான்கு வாரம், 28 கட்டம், மொத்தம் 36 பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுக்கியதும் 28 வரி. நாள்வாரி நிகழ்வெண் வேண்டுமென்றால் வரியை எண்ணக்கூடாது, கட்டத்து எண்ணை எடையாகக் கொடுக்க வேண்டும். கவுன்ட் கட்டளையில் டபிள்யூடி, ஸ்டேட்டாவில் எஃப்வெயிட், எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் வெயிட் பை. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் எடையைப் போட்டால் அணைக்கும்வரை எரியும். அடுத்த அட்டவணைக்குப் போகுமுன் வெயிட் ஆஃப்.

எடைக்குப் பதிலாக ஒரு பயணத்துக்கு ஒரு வரி என்று விரித்தெழுதுவதும் உண்டு. டைடியாரின் அன்கவுன்ட் இதைச் செய்யும், 0 உள்ள வரியை நீக்கிவிடும். ஸ்டேட்டாவின் எக்ஸ்பேண்ட் அப்படியல்ல. 0-ஐயும் வெற்றையும் 1 என்று எடுத்துக்கொண்டு வரியை அப்படியே விட்டுவைக்கும். நம் தாளில் விசைப்படகுக்கு 16 கட்டம் 0. 36 பயணம் சத்தமில்லாமல் 52 ஆகிவிடும். எக்ஸ்பேண்டுக்கு முன் 0 வரிகளை டிராப் செய்யுங்கள். விரித்தபின் வரிகளின் எண்ணிக்கை மூலத்தாளின் கூட்டலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த 16 கட்டம் ஏன் 0? பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்துத்தான் கடலுக்குப் போகிறார்கள். நான்கு வாரத்தில் விசைப்படகுக்கு 12 நாள்தான் உண்டு. 36 பயணத்தை 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 1.3, 12-ஆல் வகுத்தால் 3.0. பின்னதுதான் படகுத்துறையில் நின்றால் கண்ணால் பார்ப்பது. முதல் தாளில் பாக் பக்கக் கூடு 0 என்பது வேறு வகை. அங்கே யாரும் கூடு வைக்கத் தடையில்லை, இந்த 96 வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. இன்னும் நூறு வீடு கேட்டால் ஒன்று கிடைக்கலாம். முறை இல்லாத நாளின் 0 எத்தனை வாரம் சேர்த்தாலும் 0-தான். வேல்யூஸ்_ஃபில் 0 என்று கண்மூடிப் போட்டால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

மாதவாரித் தாளுக்கும் இதே பேச்சு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மே முழுதும் போயிற்று. ஏப்ரலில் 14 நாள், ஜூனில் 16 நாள் மட்டும் மிச்சம், அதிலும் வாரத்துக்கு மூன்று நாள் முறை. மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்துச் சராசரி எடுத்தால் ஏப்ரலிலும் ஜூனிலும் தொழில் படுத்துவிட்டதாகத் தோன்றும். மாதப் பெயரை எழுத்தாகவே விட்டால் அட்டவணை அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று அகரவரிசையில் நிற்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். மாதத்துக்கும் நிலை வரிசை அறிவிக்க வேண்டும். பத்திப் பெயர் ஏப்_பயணம், ஏப்_கிலோ என்று இரட்டையாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்கிவிடாதீர்கள். பயணமும் கிலோவும் கலந்து கூடிவிடும். பிவட்_லாங்கரில் அடிக்கோட்டால் பிரித்து, முன்பாதியை மாதம் என்றும் பின்பாதியைப் புள்ளிவேல்யூ (.value) என்றும் கொடுத்தால் பயணம் ஒரு பத்தி, கிலோ ஒரு பத்தியாக வரும்.

செய்யவேண்டியது, அனுமதி நாள்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வது: தேதி, படகு வகை, போகலாமா கூடாதா. அடுக்கிய தாளை அதோடு இணைத்து, கூடாத நாள் வரிகளை வெற்றாக்கி, போகலாம் என்ற நாளில் பதிவு இல்லாதவற்றுக்கு மட்டும் 0 நிரப்ப வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளும் வேலைநிறுத்த நாளும் எந்தப் பக்கம் சேரும் என்பது கேள்வியைப் பொறுத்தது. கடலுக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் அவை கூடாத நாள். வருமானம் எவ்வளவு இழந்தது என்று கேட்டால் அவை 0. அச்சிடும்போது கூடாத கட்டத்தில் சிறு கோடு, யாரும் போகாத கட்டத்தில் 0. மே மாத வரியில் விசைப்படகுக்குக் கோடு நிற்கும், பக்கத்தில் நாட்டுப்படகுக்கு எண் நிற்கும்.